கைக்கு எட்டாத ஃபிளாஷ்: கேள்வி–பதில்

கேள்வி: வயர்லெஸ் டிரிகர் வாங்கியாகிவிட்டது. ஃபிளாஷும் ஒழுங்காக அடிக்கிறது. பவரைக் குறைக்க மட்டும் இன்னும் ஸ்டாண்ட் வரை நடக்க வேண்டியிருக்கிறதே?

பதில்: "இப்போது அடி" என்று மட்டும் சொல்லும் டிரிகர் ஒரு வகை, "இவ்வளவு அடி" என்றும் சொல்வது இன்னொரு வகை. யோங்நுவோவின் ஆர்எஃப்-603 முதல் வகை. அதே நிறுவனத்தின் ஒய்என்560-டிஎக்ஸ் இரண்டாவது. சொன்னால் போதாது, கேட்கவும் ஆள் வேண்டும். பவர் உத்தரவை ஏற்கும் ரேடியோ ரிசீவர் ஒய்என்560 ஃபிளாஷின் மூன்றாம், நான்காம் பதிப்புகளில் உள்ளேயே இருக்கிறது. இரண்டாம் பதிப்பில் இல்லை.

கேள்வி: 1/1, 1/2, 1/4 என்று 1/128 வரை போகிறதே, என்ன கணக்கு?

பதில்: ஒவ்வொரு படியும் முந்தையதில் பாதி, அதாவது ஒரு ஸ்டாப். முழுப் பவரிலிருந்து 1/128 வரை ஏழு ஸ்டாப். கேமரா மேல் மாட்டும் சிறு ஃபிளாஷ்களில் பவர் குறைப்பது என்பது குழாயைக் குறைவாகத் திறப்பதல்ல, சீக்கிரம் மூடுவது. மின்தேக்கியிலிருந்து வரும் மின்சாரம் பாதியில் துண்டிக்கப்படுகிறது. வெளிச்சம் எரியும் நேரம் சுருங்குகிறது. தெறிக்கும் தண்ணீர்த் துளியை அசையாமல் பிடிக்க 1/64, 1/128 உதவுவது அதனால்தான். மிச்ச மின்சாரம் உள்ளேயே இருப்பதால் அடுத்த அடிக்கும் ஃபிளாஷ் சட்டென்று தயாராகிவிடும்.

கேள்வி: ஷட்டரை 1/60-லிருந்து 1/200-க்கு மாற்றினாலும் முகத்தின் வெளிச்சம் மாறவில்லையே?

பதில்: ஷட்டர் முழுதாகத் திறந்திருக்கும்போதே ஃபிளாஷ் அடித்து ஓய்ந்துவிடுகிறது. பல கேமராக்களில் 1/200 அல்லது 1/250 ஆக இருக்கும் சிங்க் வேகம் (ஷட்டர் முழுதாகத் திறக்கும் உச்ச வேகம்) வரை, ஷட்டர் கூட்டிக் குறைப்பது சுற்றுப்புற வெளிச்சத்தை மட்டுமே. முகத்தை ஆள்பவை நான்கு: அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, பவர், தூரம்.

கேள்வி: இரண்டு ஃபிளாஷ் வைத்தால் எதை முதலில் சரிசெய்வது?

பதில்: தனித்தனியாகப் பவரை மாற்ற, முதன்மை ஃபிளாஷை டிரிகரின் ஏ குரூப்பிலும் நிழலை நிரப்புவதை பி குரூப்பிலும் போட வேண்டும். பி-யை அணைத்துவிட்டு ஏ-யை மட்டும் அடித்துப் பார்த்து, முகம் சரியாக வரும் வரை பவரை மாற்றலாம். அது 1/4-இல் நின்றால், பி-க்கு 1/16 நல்ல தொடக்கம். இரண்டும் ஒரே மாதிரி ஃபிளாஷாக, ஒரே தூரத்தில் இருந்தால் வித்தியாசம் இரண்டு ஸ்டாப். நிழல் இருக்கும், இருட்டாகாது.

கேள்வி: 1/128-க்கு இறக்கியும் முகம் வெளுக்கிறதே?

பதில்: டிரிகரின் வேலை அங்கே முடிந்தது, கால்களின் வேலை தொடங்குகிறது. ஃபிளாஷை இரண்டு மடங்கு தூரத்தில் வைத்தால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும், இரண்டு ஸ்டாப் குறையும். இடமில்லாவிட்டால் ஐஎஸ்ஓவைக் குறைக்கலாம், அப்பர்ச்சரைச் சுருக்கலாம்.

கேள்வி: கல்யாண மண்டபத்தில் இன்னொருவர் கிளிக் செய்தால் நம் ஃபிளாஷ் அடிக்கிறதே?

பதில்: இருவரும் ஒரே வகை டிரிகரை ஒரே சேனலில் வைத்திருக்கிறார்கள். ஒய்என்560-டிஎக்ஸில் 16 சேனல்கள் உண்டு, வேறொன்றுக்கு மாறலாம். டிரிகரில் மாற்றியதை ஒவ்வொரு ஃபிளாஷிலும் மாற்ற வேண்டும். விட்டுப்போன ஃபிளாஷ் பக்கத்துப் படத்துக்கே உழைக்கும்.

கேள்வி: டிடிஎல் தானாகவே பவரைத் தீர்மானிக்கும்போது மேனுவல் எதற்கு?

பதில்: டிடிஎல் ஒரு முன்னோட்ட மின்னலை அனுப்பி, திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கிறது. வெள்ளை வேட்டிக்கும் கறுப்பு கோட்டுக்கும் அதன் முடிவு வேறுபடும். ஆள் முன்னும் பின்னும் நடமாடினால் டிடிஎல் நல்லது. ஆளும் ஃபிளாஷும் ஓரிடத்தில் நின்றால், மேனுவலில் முதல் படமும் கடைசிப் படமும் ஒரே வெளிச்சத்தில் வரும்.