நாளுக்கு இன்னும் 3 மணி நேரம் வேண்டும்

கிராம முன்னேற்றத்துக்கு நிதி வழங்கும் கனவான்கள் சமூகத்துக்கு,

ஆப்பிரிக்காவில் நீங்கள் நட்டுவைத்த ‘பிளே பம்ப்’ பற்றி ஆளாளுக்குக் குறை சொல்லியாயிற்று. ஆதரித்தும் நாலு வரி இருக்கட்டுமே என்றுதான் எழுதுகிறேன்.

பிள்ளைகள் ராட்டினம் சுற்றுவார்கள்; சுற்றச் சுற்றத் தண்ணீர் மேலே தொட்டிக்கு ஏறும்; தொட்டியைச் சுற்றி விளம்பரப் பலகை; அந்தக் காசில் பராமரிப்பு. கேட்டதுமே செக் புத்தகத்தைத் தேடத் தோன்றுகிறதா இல்லையா? 2000இல் உலக வங்கி பரிசு கொடுத்தது. 2006இல் அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் அம்மையாரே மேடையேறி 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவித்தார். 2010க்குள் 10 நாடுகளில் 4,000 ராட்டினங்கள் என்பது இலக்கு. ஒன்று சுமார் 14,000 டாலர். அதில் கால்வாசிக்கு அடிபம்பு போடலாம்தான். ஆனால் அடிபம்பு பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தால் யார் பார்ப்பார்கள்?

ஒரு ராட்டினம் 2,500 பேருக்கு என்றீர்கள். தலைக்கு 15 லிட்டர் என்றாலே பிள்ளைகள் நாளுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009இல் ‘கார்டியன்’ நாளிதழில் கணக்கு வந்தது. இதில் திட்டத்தின் குற்றம் என்ன? நாளை 24 மணியோடு நிறுத்தியவர்களை அல்லவா விசாரிக்க வேண்டும்!

பிள்ளைகளும் ஒத்துழைக்கவில்லை. மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். விடிகாலையில் அடுப்பு மூட்டத் தண்ணீர் வேண்டுமே? குடத்தை இறக்கி வைத்துவிட்டு, பிள்ளைகள் உயரத்துக்குப் போட்ட கம்பியைக் குனிந்து பிடித்துக்கொண்டு, பாட்டிமார்களும் வட்டமடித்தார்கள். ஒரு சுற்று சுற்ற ஆள் பலம் வேண்டும். விளையாட்டு என்று பெயர். மலாவியில் சில ஊர்களில் இருந்த அடிபம்பையே கழற்றிவிட்டு இதை வைத்தார்கள். ஊராரைக் கேட்டிருக்கலாம் என்கிறார்கள் விவரம் தெரியாதவர்கள். கேட்டிருந்தால், இருப்பதே போதும் என்று சொல்லித் தொலைத்திருப்பார்களே! பரிசு என்னாவது?

விளம்பரமா? பஸ்கூட எட்டிப் பார்க்காத ஊரில் எந்தக் கம்பெனி சோப்பு விற்கும்? பலகை காலி, பழுது பார்க்கும் காசும் காலி.

2010 வாக்கில், வைத்திருந்த பம்புகளை வேறோர் அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டீர்கள். மனம் தளர வேண்டாம், அடுத்ததற்கு மேடை எப்போதும் உண்டு. ஒரே விண்ணப்பம்: அடுத்த அற்புதத்தைப் பொருத்த வரும் ஆட்களிடம், கழற்றிய அடிபம்பைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் ஊரிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கூடவே ஒரு ஸ்பேனரும்.

இப்படிக்கு,
அடிபம்பு அடித்து வளர்ந்தவன்