விடைத்தாளில் மூழ்கும் ஐஸ்

(பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை. கோடையில் நன்னாரி சர்பத்தும் உண்டு. டியூஷன் சார் விடைத்தாள் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.)

மாஸ்டர்: என்ன சார், இம்புட்டு சிவப்பு மை?

சார்: பின்னே? திடப்பொருள்ல துகள் ஆடிக்கிட்டே இருக்கும்னு எழுதியிருக்கான் ஒரு பய. "நெருக்கமாக, அசைவற்று இருக்கும்"னு கைடுல தெளிவா இருக்கு. ரெண்டு வார்த்தை, ரெண்டு மார்க்.

மாஸ்டர்: பய சொன்னது சரிதானே சார். இடத்தை விட்டுத்தான் நகராது. நின்ன இடத்துலயே அதிர்ந்துக்கிட்டேதான் இருக்கும், இந்த ஐஸ்லயும்.

சார்: அதிரட்டும். கீ-ல இல்ல.

மாஸ்டர்: சரி, நெருக்கம்னீங்களே. உங்க சர்பத்துல ஐஸ் ஏன் மிதக்குது?

சார்: லேசா இருக்கு, மிதக்குது.

மாஸ்டர்: ஏன் லேசு? உறையும்போது தண்ணியோட துகளெல்லாம் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு நடுவுல காலி இடம் விட்டு நிக்குது. 100 லிட்டர் தண்ணி உறைஞ்சா 109 லிட்டர் இடம் கேக்கும். ஃப்ரீசர்ல கண்ணாடி பாட்டிலை மறந்தவங்க வீட்ல கேளுங்க, சொல்வாங்க.

சார்: அது விதிவிலக்கு. சிலபஸ்ல கிடையாது.

மாஸ்டர்: ஊரே குடிக்கிறது அந்த விதிவிலக்கைத்தான் சார். அது கிடக்கட்டும், இந்தக் கைடு படத்துல, திரவம்னு போட்ட நடுப்பெட்டியில எதுக்கு இவ்வளவு இடைவெளி?

சார்: திடத்துல ஒட்டி இருக்கும், வாயுவுல எட்டி இருக்கும், திரவத்துல பாதிக்குப் பாதி. பார்க்க லட்சணமா இருக்கும்.

மாஸ்டர்: லட்சணத்துக்கு வரையற படமா இது? திரவத்துலயும் உரசிக்கிட்டுத்தான் சார் கிடக்கும். வரிசை கலைஞ்சு ஒண்ணைத் தாண்டி ஒண்ணு போகும், அவ்வளவுதான். விலகுறது ஆவியாகும்போது. ஒரு டம்ளர் தண்ணி கொதிச்சு முழுசா ஆவியானா 1,600 டம்ளர் இடத்தைப் பிடிக்கும். துகளுக்குத் துகள் தூரம் கிட்டத்தட்ட 12 மடங்கு ஆயிடும். மூணாவது பெட்டியை அளவா வரையணும்னா அடிஷனல் ஷீட் வாங்கணும்.

சார்: எதுக்கு தூரம்? சூடானா துகளே ஊதிப் பெருத்துடும்.

மாஸ்டர்: அய்யோ சார்! துகள் அதே அளவுதான்.

சார்: (எரிச்சலோடு) நீ எதுவரைக்கும் படிச்சே?

மாஸ்டர்: பிஎஸ்சி பிசிக்ஸ். ஒரு அரியர் நிக்குது. நான் ஒண்ணு கேக்கறேன். பாய்லர்ல தண்ணி 100 டிகிரியில கொதிக்குது. அடுப்பை இன்னும் கூட்டினா?

சார்: 110-க்குப் போகும். இதுகூடத் தெரியாதா?

மாஸ்டர்: 100-லயே நிக்கும். ஏத்துற சூடெல்லாம் துகளைப் பிச்சு வெளிய அனுப்பவே சரியாப் போகும். ஐஸும் அப்படித்தான். ஒரு கிராம் உருக 334 ஜூல் வேணும். அம்புட்டும் குடிச்சுட்டு 0 டிகிரியிலேயே கிடக்கும். அதே சூட்டை அந்த ஒரு கிராம் தண்ணிக்குக் குடுத்தா 80 டிகிரி ஏறிடும். ஜோசப் பிளாக்னு ஒருத்தர் 1760-கள்லயே கிளாஸ்கோவுல இதை அளந்துட்டார்.

சார்: அவர் எந்த போர்டு பேப்பர் திருத்தினார்? விடு. நீராவி வெள்ளையா இருக்கும், அதையாவது ஒத்துக்கிறியா?

மாஸ்டர்: வெள்ளையாத் தெரியறது ஆவி இல்ல சார், ஆறிப்போன சின்னச் சின்னத் தண்ணித் துளி. நிஜ ஆவி கெட்டில் மூக்குக்கும் அந்தப் புகைக்கும் நடுவுல இருக்கு. கண்ணுக்குத் தெரியாது.

சார்: எங்கே? இங்கேயா? ஒண்ணுமே இல்லையே... ஆ!

மாஸ்டர்: சொல்லிக்கிட்டே இருக்கேன்ல! தோல்ல பட்டுத் தண்ணியாகும்போது கிராமுக்கு 2,260 ஜூலை அப்படியே இறக்கிட்டுப் போயிடும். குழாய்த் தண்ணியில காட்டுங்க சார்.

சார்: (விரலைக் குழாயடியில் காட்டியபடி, மறு கையால் பேனாவை எடுத்து) அந்தப் பயலுக்கு அரை மார்க் போடறேன். படம் மட்டும் தப்பு. பாரு, திரவத்துல இடைவெளியே விடல.