ஜவுளிக்கடைக்காரர் கட்டிய கலங்கரை விளக்கம்

இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்துக்குத் தெற்கே, கடலுக்குள் சுமார் 20 கிலோமீட்டர் போனால் எடிஸ்டோன் என்றொரு பாறைக் கூட்டம் வரும். அதைத் தீவு என்று சொன்னால் அதற்கே கூச்சமாக இருக்கும். தண்ணீர் வற்றும்போது தலையைக் காட்டும், ஏறும்போது ஏறக்குறைய முழுகிவிடும். கப்பல் உடைப்பதைத் தவிர வேறு ஜோலி கிடையாது. இதற்குப் பயந்து ரொம்பவே ஒதுங்கிப் போன மாலுமிகள், எதிர்ப்பக்கம் பிரான்சுக் கரையோரப் பாறைகளில் போய் முட்டிக்கொண்டார்கள்.

இங்கே ஒரு விளக்கு வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கட்ட வந்த ஆட்களின் ஜாதகம்தான் விசேஷம். முதலில் வேடிக்கை காட்டிப் பிழைத்தவர், அப்புறம் ஜவுளி வியாபாரி, அதற்கும் அப்புறம் கருவிகள் செய்து விற்றவர். கலங்கரை விளக்கம் கட்டிப் பழகிய ஒருவர் வந்து சேர 180 வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

முதல் ஆள் ஹென்றி வின்ஸ்டன்லி. எஸ்ஸெக்ஸில் லிட்டில்பரி என்ற ஊரில் இருந்த இவர் வீட்டைப் பார்க்க ஜனங்கள் தேடி வருவார்கள். தரையில் கிடக்கும் பழைய செருப்பைக் காலால் தள்ளினால் எதிரே பேய் எழும்பும். நாற்காலியில் உட்கார்ந்தால் அதன் கைகள் வந்து கட்டிப் பிடித்துக்கொள்ளும். லண்டன் பிக்காடில்லியில் தண்ணீரில் வித்தை காட்டும் கொட்டகை ஒன்றையும் நடத்தினார். வந்த காசைக் கப்பலில் போட்டார், அதில் இரண்டு எடிஸ்டோனில் போய் உடைந்தன என்பது கதை. மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

1696இல் வேலை ஆரம்பம். அந்தக் கோடை முழுக்கச் செய்து முடித்தது, பாறையில் 12 துளை போட்டு இரும்புக் கம்பி நட்டது மட்டும்தான். மறு வருஷம், காவலுக்கு நிற்க வேண்டிய கடற்படைக் கப்பல் எங்கோ போயிருந்த நேரம் பார்த்து, பிரெஞ்சுக் கொள்ளைக் கப்பல் ஒன்று வந்து வின்ஸ்டன்லியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பதினான்காம் லூயிக்கு விஷயம் எட்டியது. தனக்கு இங்கிலாந்தோடுதான் சண்டை, மனித குலத்தோடு இல்லை என்று சொல்லி அவரை விடுவித்தாராம். பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. அந்தப் பாறை கொடி பார்த்துக் கப்பலை உடைப்பதில்லை என்ற கணக்கும் ராஜாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்!

1698 நவம்பர் 14ஆம் தேதி விளக்கு எரிந்தது. குளிர்காலம் வந்ததும் அலை உச்சிக்கு மேலேயே எழும்பி விளக்கை மறைத்தது. அடுத்த வருஷம் வின்ஸ்டன்லி இன்னும் உயரமாக, இன்னும் பருமனாக மாற்றிக் கட்டினார். அடியில் பன்னிரண்டு பட்டைக்குக் கல் உறை, உச்சியில் எண்கோணக் கூண்டு, நடுவே திறந்த மாடம், பாரம் தூக்கும் கைமரங்கள், மேலே அலங்காரமான காற்றுத் திசைகாட்டி. உள்ளே தங்கப் பூச்சும் வண்ணச் சித்திரமுமாக ஒரு படுக்கையறை. நடுக்கடலில், சுற்றிலும் திமிங்கலத்தைத் தவிர விருந்தாளிகள் இல்லாத இடத்தில்! காற்றும் அலையும் பிடித்து உலுக்க இத்தனை மூலை முடுக்கு வைத்துக் கட்டியவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

பார்த்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். வின்ஸ்டன்லியோ, இதுவரை அடித்ததிலேயே பெரிய புயல் அடிக்கும்போது தான் இதற்குள் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். கடல் அதைக் காதில் வாங்கிக்கொண்டது. 1703 நவம்பர் 26ஆம் தேதி ராத்திரி இங்கிலாந்தைச் சூறையாடிய மகா புயல் வந்தபோது, பழுது பார்க்கப் போயிருந்த வின்ஸ்டன்லி உள்ளேதான் இருந்தார். விடிந்தபோது சில இரும்புக் கம்பிகளும் பாறை இடுக்கில் மாட்டிய சங்கிலித் துண்டும்தான் மிச்சம். விளக்கு எரிந்த ஐந்து வருஷமும் அங்கே ஒரு கப்பல்கூட உடையவில்லை. அது போன இரண்டே நாளில், வர்ஜீனியாவிலிருந்து புகையிலை ஏற்றி வந்த ‘வின்செல்ஸி’ மோதி, அதிலிருந்தவர்கள் அநேகமாக எல்லோருமே செத்தார்கள். இந்த ஒரு கணக்குக்காகவே வின்ஸ்டன்லியின் அத்தனை பந்தாவையும் மன்னிக்கலாம்.

அடுத்து, பாறையைக் குத்தகைக்கு எடுத்த கேப்டன் லோவெட், லண்டன் லட்கேட் ஹில்லில் பட்டுத் துணி விற்றுக்கொண்டிருந்த ஜான் ரட்யர்டைப் பிடித்தார். ஏன் என்று கேட்காதீர்கள். ஆச்சரியம், ஜவுளிக்காரருக்கு மூளை இருந்தது. கப்பல் தச்சர்களைக் கூட்டி வந்து, மூலையே இல்லாத வழவழப்பான மரக் கூம்பு ஒன்றைக் கட்டினார். அடியில் பாரத்துக்குக் கருங்கல் அடுக்கு. 1709இல் முடிந்த அது 46 வருஷம் அலைக்கு அசைந்து கொடுக்கவில்லை.

அங்கே முதலில் இரண்டே காவலர்கள். அதில் ஒருவர் செத்துப்போனார். பிணத்தைக் கடலில் தள்ளினால் கொலை செய்ததாகச் சொல்லிவிடுவார்களே என்று மற்றவர் அதை வைத்துக்கொண்டு, கொடியை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். கடல் கொந்தளிப்பில் ஒரு மாசம் வரை படகு நெருங்க முடியவில்லை. வந்தவர்களுக்கு உள்ளே மூச்சு விட முடியவில்லை. அன்றிலிருந்து மூன்று பேர் என்று விதி.

தண்ணீரை ஜெயித்த கோபுரத்தை நெருப்பு தின்றது. 1755 டிசம்பர் 2ஆம் தேதி உச்சியில் தீப்பிடித்தது. முறையில் இருந்தவர் ஹென்றி ஹால். வயசு 94! வாளி வாளியாகத் தண்ணீரை மேலே வீசினார். அண்ணாந்து நின்றவரின் மேல் கூரை ஈயம் உருகிக் கொட்டியது. கரைக்கு வந்ததும், வயிற்றில் ஈயம் போயிருக்கிறது என்று சொன்னார். யாரும் நம்பவில்லை. பன்னிரண்டாம் நாள் செத்தார். டாக்டர் ஸ்ப்ரை வயிற்றைத் திறந்து பார்த்தால், 200 கிராமுக்கு மேல் தட்டையான ஈயக்கட்டி! ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அவர்கள் டாக்டரை நம்பவில்லை. தன் மானத்தைக் காப்பாற்ற அவர் நாய்க்கும் கோழிக்கும் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிப் பரீட்சை செய்தார். அந்தக் கட்டி இன்றைக்கும் எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காவலர்களில் இன்னொருவர் கரையில் கால் வைத்ததும் எடுத்தார் ஓட்டம். அப்புறம் அவரைப் பற்றித் தகவலே இல்லை. மூவரில் புத்திசாலி அவர்தான் என்பது என் கட்சி.

இப்போது வந்தவர் ஜான் ஸ்மீட்டன். யார்க்‌ஷயர்க்காரர், விஞ்ஞானக் கருவிகள் செய்தவர். அடி அகன்று, மேலே போகப் போக வளைந்து ஒடுங்கும் ஓக் மரத்தின் உருவத்தைக் கல்லில் கொண்டுவந்தார். ஒரு கல்லின் துருத்தல் அடுத்த கல்லின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும்படி, தச்சர் இழுப்பறைக்குப் போடும் இணைப்பைக் கருங்கல்லுக்குப் போட்டார். ஒன்றை உருவ வேண்டுமென்றால் மொத்த வரிசையையும் கேட்டுக்கொண்டுதான் உருவ வேண்டும். மேல் வரிசையும் கீழ் வரிசையும் நழுவாமலிருக்கச் சலவைக்கல் முளைகள். ஈரத்திலேயே இறுகும் சுண்ணாம்பு வேண்டுமே! ஊர் ஊராகச் சுண்ணாம்புக்கல் வாங்கி அமிலத்தில் கரைத்துப் பார்த்தார். களிமண் கலந்த கல்தான் தண்ணீருக்குள் இறுகும் என்று கண்டுபிடித்தார். அதோடு இத்தாலிய எரிமலை மண்ணைக் கலந்தார். பிற்காலத்து சிமென்ட்டுக்கு இதுவே பிள்ளையார் சுழி.

பாறையில் ஒருநாள் வழுக்கி விழுந்து கட்டை விரல் பிசகியது. டாக்டர் 20 கிலோமீட்டர் தள்ளி. தானே இழுத்துச் சரிசெய்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார். வேலையாட்களைக் கடற்படைக்காரர்கள் வலுக்கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போகாமலிருக்க ஆளுக்கொரு பதக்கம் கொடுத்தார்கள். கழுத்தில் பதக்கம் இல்லாதவன் பாடு ராஜாவின் போர்க்கப்பலில்.

1759 அக்டோபர் 16ஆம் தேதி விளக்கு ஏற்றினார்கள். இத்தனை மூளையும் செலவழித்துக் கட்டிய கோபுரத்தின் உச்சியில் எரிந்தவை 24 மெழுகுவத்திகள். ஒரு மாதா கோயில் திருவிழாவுக்குக்கூட இது காணாது. கப்பல்களிடம் டன் கணக்குப் பார்த்துக் கட்டணம் வசூலித்த குத்தகைக்காரர்களுக்கு எண்ணெய் விளக்கும் பிரதிபலிப்பானும் வாங்க மனசு வரவில்லை. அது 1810இல்தான் வந்தது. அதுவரை, அரை மணிக்கொரு தரம் மணியடித்து, எழுந்து போய்த் திரியைக் கத்தரி என்று காவலரை எழுப்பும் கடிகாரம் ஒன்றை ஸ்மீட்டன் வைத்துவிட்டுப் போனார். தூங்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன் அந்த உத்தியோகத்துக்கே போயிருக்கக் கூடாது.

கோபுரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரிட்டனின் ஒரு பென்னிக் காசில் பிரிட்டானியாவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும் அளவுக்குச் செல்வாக்கு. தோற்றது பாறை! அலை அடியில் அரித்து அரித்து, 1877இல் இனி இது தாங்காது என்று முடிவு செய்தார்கள். பக்கத்துப் பாறையில் புதுக் கோபுரம் கட்ட வந்தவர் ஜேம்ஸ் டக்ளஸ். தொழில் தெரிந்தவர், அதனால் சொல்லிச் சிரிக்க விஷயம் குறைவு. இலங்கையில் கிரிந்தைக்கு அப்பால், ராவணன் கோட்டை என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் பாறையில் நிற்கும் கலங்கரை விளக்கமும் இவர் வரைந்து, தம்பி வில்லியம் நின்று கட்டியதுதான். எடிஸ்டோனில் 49 மீட்டர் உயரத்துக்குக் கட்டி 1882 மே மாதம் விளக்கு ஏற்றினார். அது இன்றும் எரிகிறது. 1982இல் காவலர்களும் கிளம்பிவிட்டார்கள். உச்சியில் இப்போது ஹெலிகாப்டர் இறங்குகிறது.

பழைய கோபுரத்தை என்ன செய்வது? பிளிமத் ஜனங்கள் சந்தா வசூலித்து, மேல்பாதியைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து ஊர் மேட்டில் நிறுத்தினார்கள். கட்டணம் கொடுத்தால் உள்ளே ஏறிப் பார்க்கலாம். கீழ்ப்பாதியைப் பிரிக்க முடியவில்லை. அரித்துப்போன பாறை என்று கைவிடப்பட்ட அதே இடத்தில், 140 வருஷத்துக்கு மேலாக, டக்ளஸ் கோபுரத்துக்குப் பக்கத்தில் அந்த அடிக்கட்டை இன்னமும் நிற்கிறது. பாறையும்தான்.