கிளைவ் உட்காராத சோபா

ஆரணியில் நெசவு வீடு என்றால் ஹால் முழுக்கத் தறிக்குத்தான் பட்டா. வெளிச்சம் எங்கே நன்றாக விழுகிறதோ அங்கே தறி. மிச்சம் இருக்கும் சந்தில் பீரோ, டிவி, சாமி படம், ஊரிலிருந்து வந்த சம்பந்தி எல்லாம் அனுசரித்துப் போக வேண்டும். நெய்கிறவர் தரை விளிம்பில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் தொங்கவிட்டுக்கொள்வார். வந்தவர்களுக்குப் பாய். கொஞ்சம் கௌரவமானவர் வந்தால் பிளாஸ்டிக் நாற்காலி, ரொம்பக் கௌரவமானவர் வந்தால் அந்த நாற்காலி மேல் ஒரு துண்டு. சோபா என்ற ஒன்று இல்லாமலே மூன்று தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறோம். ஒரு சம்பந்தமும் முறியவில்லை.

வீட்டுத் தறியைப் பிரித்த பிறகுதான் வினை ஆரம்பித்தது. இப்போது வெளித்தறிகளுக்குப் பாவு கொடுத்துச் சேலை வாங்கி விற்கிறேன், வீட்டில் தறிச் சத்தம் இல்லை. குழியை மூடி டைல்ஸ் போட்டதும், இத்தனை வருஷமாக இந்த வீட்டில் ஹால் ஒன்று இருந்திருக்கிறது என்று தெரிந்தது. தெரிந்தது எனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. என் மனைவிக்கும் பெண்ணுக்கும் தெரிந்துவிட்டது. பெண் செல்போனை நீட்டினாள். மரச் சட்டம், பழுப்புத் தோல், பித்தளைக் குமிழ் ஆணிகள், பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார நாய்.

"வின்டேஜ்ப்பா" என்றாள்.

விலையைப் பார்த்தேன். புதுசாக இருந்தால் ஒரு விலை, நாலு பேர் உட்கார்ந்து தேய்த்ததாக இருந்தால் இரண்டு விலை. சேலை வியாபாரத்தில் இந்தச் சௌகரியம் கிடையாது. நாலு பேர் கட்டின சேலையை நான் இரட்டிப்பு விலைக்கு விற்றால் தெருவில் விட்டு அடிப்பார்கள்.

என் அம்மாவுக்குத் தோல்தான் பிரச்சினை. "செத்த மாட்டுத் தோல்மேல உக்காந்து காபி குடிப்பீங்களா?"

"பாட்டி, நீ கட்டியிருக்கிறது மட்டும் என்னவாம்? ஆயிரக்கணக்கான புழுவை வெந்நீர்ல போட்டு எடுத்ததுதானே?"

"பட்டுக்குத் தீட்டு கிடையாதுடி" என்று அம்மா ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டாள். பட்டு ஊரில் அதற்கு மேல் அப்பீல் இல்லை. ஆனாலும் தேடல் தொடங்கியது. ஏனென்றால் தேடலுக்குப் பாட்டியின் அனுமதி தேவை என்று எங்கள் வீட்டுப் பெண்கள் நினைக்கவில்லை.

ஆரணிக்காரனுக்குப் பழைய மேஜை நாற்காலி என்றதும் முதலில் ஞாபகம் வருவது ஜாகீர்தார்கள். மராட்டிய வம்சத்து ஜாகீர்தார்கள் ஆண்ட ஊர் இது. எஸ்.வி. நகரத்தில் ஒரு அரண்மனை, பூசிமலைக்குப்பம் காட்டுக்குள் இன்னொரு அரண்மனை. காட்டு அரண்மனை இன்றைக்குச் சுவரும் வளைவும் செடிகொடியுமாக நிற்கிறது. 1948-ல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது, நிலம் போனது, பின்னாலேயே சாமான்களும் போயின. எங்கே போயின என்று கேட்டால் பழைய மரச்சாமான் விற்கிற எல்லாரும் தங்கள் கடையைத்தான் காட்டுகிறார்கள். நான் பார்த்த கடைகளில் இருந்த "ஆரணி ஜாகீர் சோபா"க்களைக் கூட்டிப் பார்த்தால், ஜாகீர்தார் குடும்பம் நிற்கவே இடமில்லாமல் சோபாவுக்குள் வாழ்ந்திருக்க வேண்டும்.

சென்னை போகும் வழியில் ஒரு கடைக்காரர் இதற்கும் மேலே போனார். நான் ஆரணி என்று சொன்னதும் அவர் கண் பளிச்சிட்டது.

"ஆரணியா சார்? அப்ப இது உங்களுக்குன்னே வந்த பொருள். உங்க ஊர் சண்டையில ஜெயிச்சிட்டு ராபர்ட் கிளைவ் உக்காந்தது."

சண்டை உண்மை. 1751 டிசம்பரில், ஆற்காட்டு முற்றுகையிலிருந்து மீண்ட கையோடு கிளைவ் ஆரணியில் ராசா சாகிபின் படையையும் பிரெஞ்சுக்காரர்களையும் தோற்கடித்தார். அப்போது அவருக்கு 26 வயது. அந்த வயதில் துரத்திக்கொண்டு ஓடுகிறவன் மூன்று பேர் உட்காரும் சோபாவை எதற்குத் தூக்கிக்கொண்டு அலைந்தான் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கீழே குனிந்து பார்த்தேன்.

பழைய மரச்சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே யோசனை இதுதான்: முன்னால் நின்று பார்க்காதீர்கள், அடியில் படுத்துப் பாருங்கள். வேட்டி அழுக்கானால் பரவாயில்லை. மேலே இருப்பதெல்லாம் பாலிஷ்காரர் சொல்லும் கதை, அடியில் இருப்பது வாக்குமூலம். நான் படுத்துப் பார்த்தபோது முதலில் தெரிந்தது ஸ்பிரிங். சுருள் ஸ்பிரிங்கை இருக்கைக்குள் வைத்துத் தைக்கிற வித்தை பரவியது 19-ஆம் நூற்றாண்டில். கிளைவ் 1774-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்துத் தெரிந்தவை ஸ்க்ரூக்கள், தலையில் கூட்டல் குறி போட்டவை. அந்த வகை ஸ்க்ரூ அமெரிக்காவில் பிலிப்ஸ் என்பவர் பெயரில் 1930-களில் வந்தது. அதற்கும் உள்ளே, ஒரு பிளைவுட் பலகை. அதில் மங்கலாக, ஆனால் கம்பீரமாக, ஐ.எஸ்.ஐ. முத்திரை.

"என்ன சார் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்லண்ணா. கிளைவ் ரொம்பத் தரமான ஆளுன்னு தெரியுது."

மரத்திலும் இதே கூத்துதான். ஈட்டி மரத்தை வெட்டக்கூடாது என்று தமிழ்நாட்டில் 1994-ல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் வந்த நாளிலிருந்து கடைகளில் ஈட்டி பெருகிவிட்டது. வேலமரமோ வேம்போ, கறுப்புப் பாலிஷ் ஏறியதும் ஈட்டி என்று பெயர் சூட்டுவிழா நடந்துவிடுகிறது. நல்ல ஆசாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் இந்த வித்தை எடுபடாது. எங்கள் ஆசாரி சோபாவை ஒரு பக்கமாகத் தூக்கிப் பார்ப்பார், பாலிஷ் படாத மூலையை நகத்தால் கீறி முகர்ந்து பார்ப்பார், மூட்டில் ஆணி இருக்கிறதா, துளை போட்டுச் சொருகி மூங்கில் முளை அடித்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கடைக்காரர் காதில் விழும்படி, "டீ சாப்பிடப் போலாமா சார்?" என்பார். ஈட்டி இல்லை என்று அர்த்தம்.

தோலுக்கு எனக்கு ஆசாரி தேவைப்படவில்லை. வெளியூரிலிருந்து ஆரணிக்குச் சேலை எடுக்க வருகிறவர்களை நீங்கள் பார்க்க வேண்டும். சில்க் மார்க் அட்டையைக் காட்டினாலும் நம்பிக்கை வராது. ஜரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்பு இழை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முந்தானை ஓரத்தில் ஒரு நூலை உருவி, "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சொல்லித் தீக்குச்சி கிழிப்பார்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. பிளாஸ்டிக் வாடை வந்து, உருகி உருண்டையானால் பாலியஸ்டர். இருபது வருஷமாக இந்த அவமானத்தைச் சிரித்த முகத்தோடு தாங்கிக்கொண்டு, உள்ளுக்குள் பல்லைக் கடித்தவன் நான்.

அதே நான், சோபாக் கடையில், தையல் ஓரத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்த தோல் நாரைக் கிள்ளி எடுத்து, "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று தீக்குச்சி கிழித்தேன். பட்டும் புரதம், தோலும் புரதம், இரண்டுக்கும் கருகினால் ஒரே நாற்றம்தான். இது உருகி, சொட்டி, என் விரலைச் சுட்டது. ரெக்சின். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு ரொம்பப் பழக்கமான பார்வை. கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

அசல் தோல் வேண்டுமென்றால் வேலூர் தாண்டி மேற்கே போனால் போதும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இந்தப் பக்கம் ராணிப்பேட்டை என்று தோல் ஊர்கள் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையில் ஊற வைத்து, கடுக்காய் போட்டுப் பதப்படுத்திய தோல் இந்த மாகாணத்திலிருந்து லண்டன் வரைக்கும் போயிருக்கிறது. பிறகு குரோம் பதனிடல் வந்தது. அதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் சோதித்துப் பார்த்தவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்கிற வெள்ளைக்கார இன்ஜினியர். மனிதர் அதோடு நிற்கவில்லை. அலுமினியப் பாத்திரத்தை நம் சமையலறைக்குள் கொண்டு வந்ததும் அவர் கைங்கரியம்தான். சேலத்தில் கைத்தறிக் கூடம் வைத்து நெசவாளருக்குப் புது நாடா ஓட்டக் கற்றுக்கொடுக்கவும் கிளம்பினார். தோல், தறி, சட்டி என்று எதையும் சும்மா விடாத அந்த ஆத்மா, சோபாவுக்கும் ஒரு வழி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

ஆம்பூரில் ஒரு தோல் வியாபாரி விவரமாகப் பேசினார். தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் விற்பார்கள். மூன்று பேர் சோபாவுக்கு நாலைந்து மாட்டுத் தோலாவது வேண்டும். இங்கே வருவதில் பெரும்பாலானது ஷூவுக்குப் போகிற சரக்கு. எல்லாம் சொல்லிவிட்டு, "பழைய லெதர் சோபா தேடுறீங்களா? நம்ம ஊர்ல அது பொழைக்காது சார்" என்றார். ஒரு மழைக்காலம் பூஞ்சை பிடிக்கும், அடுத்த கோடையில் வெடிக்கும், நடுவில் எலி வரும். வெள்ளைக்காரன் ஊரில் குளிருக்கு இதமாக இருக்கிற பொருள் அது. நம் ஊர் மே மாதத்தில் சட்டையில்லாமல் சாய்ந்தால் எழும்போது முதுகு கூட வராது. ஆகவே நூறு வருஷத்து மரச் சட்டம் கிடைக்கலாம், நூறு வருஷத்துத் தோல் கிடைக்காது. பழைய தோல் சோபா என்று விற்பதெல்லாம் தாத்தாவின் எலும்புக்குப் பேரனின் தோலைப் போர்த்தியதுதான். இதைச் சொன்ன ஒரே வியாபாரி அவர்தான், அவரிடம் விற்க சோபா இல்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு ஆம்பூரிலிருந்து பிரியாணி வாங்கி வந்தோம். பயணம் வீண் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை.

நியாயமான பழசைப் பார்க்க வேண்டுமானால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போங்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்த தூண், கதவு, எனாமல் சட்டி, கடிகாரம், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் வாசல் வரை வழியும். நகரத்தார் பர்மாவில் கொழித்த காலத்தில் கப்பலில் வந்த தேக்கு. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததோடு அந்த வரத்து போச்சு. அங்கே நான் கவனித்தது, உட்காரும் சாமான்களில் பெரும்பாலும் பிரம்புப் பின்னல். சாய்வு நாற்காலி, பெஞ்சு, சோபா எதுவானாலும் முதுகுக்குக் காற்று போக ஓட்டை. கப்பல் வைத்து மரம் இறக்கியவர்களுக்குத் தோல் வாங்கக் காசில்லையா என்ன?

அந்தப் பயணத்தில் வழியிலேயே இன்னொரு ஊரில், ஒரு கடையில்தான் அந்த பெஞ்சைப் பார்த்தேன். நீளமான, பருமனான தேக்குக் கட்டை. இரண்டு முனையிலும் இரும்புக் கால் பொருத்தி, மேலே பழுப்புத் தோல் திண்டு. வழுவழுவென்று, பாலிஷ் தராத ஒரு மினுமினுப்பு. கடைக்காரர் ஆரம்பித்தார்.

"கப்பல் மரம் சார். டச்சுக்காரன் கப்பல்ல பாய்மரம் கட்டுற கட்டை. கடல் தண்ணியில நூறு வருஷம் ஊறினது."

நான் திண்டைத் தூக்கினேன். கட்டையின் நீளம் முழுக்க ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளம் ஓடியது. ஒரு முனையில் குறுக்கும் நெடுக்குமாகத் துளைகள். அந்தப் பள்ளத்தில் கம்பி வைத்துத்தான் சேலையின் தலைப்பைப் பிடித்திழுப்பது. அந்தத் துளையில் கோல் செருகித்தான் நெய்த சேலையைச் சுற்றுவது. நடுவில் மட்டும் மரம் லேசாகத் தேய்ந்திருந்தது. ஒருவர் வயிறு அதில் உரசி உரசி, இருபது முப்பது வருஷம் நெய்தால்தான் அப்படித் தேயும். படைமரம். கடலையே பார்க்காத படைமரம். எந்த ஊர்த் தறியோ, யார் வீட்டு ஹாலிலிருந்து போனதோ.

"இது தறிக்கட்டைண்ணா" என்றேன்.

அவர் ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. "அப்படியா? அப்ப இன்னும் பழசு சார்" என்று விலையை ஏற்றினார்.

பேரம் பேசி வாங்கிவிட்டேன். தோல் திண்டை அங்கேயே விட்டுவிட்டோம். அது ரெக்சின், தீக்குச்சி இல்லாமலே தெரிந்தது. கட்டையைக் குட்டி யானையில் ஏற்றி ஆரணி கொண்டு வந்தோம். எங்கள் ஆசாரி அதை முதுகுச் சட்டமாக வைத்து, மற்றதற்கு வீடு பிரித்த தேக்குச் சட்டங்களைச் சேர்த்து, ஒரு சோபா செய்து கொடுத்தார். இருக்கைக்குப் பிரம்பு. அம்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு, தீட்டு எதுவும் இல்லை என்று சான்றிதழ் கொடுத்தாள். பெண்ணுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். படத்தில் இருந்த நாய் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆரணி, தேவிகாபுரம், காஞ்சிபுரம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் தறியைப் பிரிப்பதாக இருந்தால், கட்டைகளைக் காயலான் கடையில் விறகு விலைக்கு எடை போட்டுத் தராதீர்கள். அது நாலு ஊர் தாண்டி டச்சுக் கப்பலாக மாறி, பத்து மடங்கு விலையில் நம்மிடமே திரும்பி வருகிறது. போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். இரண்டு நாற்காலிக்கு மரம் இன்னும் தேவைப்படுகிறது.