கண்ணை முழிச்சுக் காட்டுங்க!

வா பேராண்டி. முக்கோணத் தலைன்னா விஷம், கண்மணி பூனைக்காட்டம் நெட்டுக்குத்தா இருந்தா விஷம்னு போன்ல படிச்சுட்டு வந்திருக்கியாமே? பலே. ராத்திரி தொழுவத்துல பாம்பு ஒண்ணு கெடந்தா பக்கத்துல குனிஞ்சு, "ஐயா, கண்ணைக் கொஞ்சம் முழிச்சுக் காட்டுங்க"ன்னு கேளு. இமையே இல்லாத பிறவி, எப்பவும் முழிச்சுத்தான் கெடக்கும். உனக்குச் சிரமமே வைக்காது.

அமெரிக்காவுல வாலுல கிலுகிலுப்பை ஆட்டுற விரியனுக்கு உன் சட்டம் சரிதான். இங்க நம்ம நல்லபாம்புக்கு முக்கோணத் தலையும் இல்ல, பூனைக்கண்ணும் இல்ல. உன் கணக்குல அது ரொம்பவே நல்ல பாம்பு! மண்ணுளிதான் பாவம், பூனைக்கண்ணை வச்சுக்கிட்டு உன்கிட்ட கொலைகாரப் பட்டம் வாங்குது. நல்லபாம்பு படம் எடுக்குமேங்கிறியா? நீ கேட்டதும் எடுக்க அது என்ன ஸ்டூடியோவா? ஓடுற அவசரத்துல சாரையாட்டந்தான் போகும்.

கண்ணாடி விரியன் உன் சட்டத்துக்கு அடங்கினவன். முதுகுல சங்கிலி கோத்தாப்ல மூணு வரிசை வட்டம், குக்கர் ஆவி விடுறாப்ல சீறல். சுருட்டை முழத்துக்கு மேல வளரவே யோசிக்கும், ஆனா உடம்பை உரசிச் சரசரன்னு மிரட்டும். ரெண்டுமே சொல்லிட்டு அடிக்கிற ரோஷக்காரங்க.

கட்டுவிரியன்தான் திருடன். எண்ணெய் தேச்சாப்ல கருகருன்னு பளபளப்பு. வெள்ளைக்கட்டு கழுத்துல இருக்காது, கொஞ்சம் தள்ளி ரெண்டு ரெண்டா ஆரம்பிச்சு வாலுப்பக்கம் பளிச்சுன்னு தெரியும். வெள்ளிக்கோல் வரையனுக்குக் கழுத்துலயே பட்டை, வாலுக்குப் போகப்போக மங்கிரும். அது சாது. நடுமுதுகுச் செதில் பெருசா, அறுகோணமா இருந்தா கட்டுவிரியனேதான். எண்ணிப் பாக்கத் தோதா உன் பாயிலயே வந்து படுக்கும். கடிச்சது எறும்பா கொசுவான்னுகூடத் தெரியாது. விடியக்காலம் வயித்தை வலிக்கும், இமை தூக்க வராது. அப்ப டாக்டர் டார்ச் அடிச்சு உன்னைக் கேப்பாரு, "கண்ணைக் கொஞ்சம் முழிச்சுக் காட்டுங்க"ன்னு.

பாம்பை அடிச்சுப் பையில போட்டுக்கிட்டுப் போய் அவருக்கும் ஒரு கடி வாங்கிக் குடுத்துராத. நல்லது, கண்ணாடி விரியன், சுருட்டை, கட்டுவிரியன் இந்த நாலுக்கும் ஒரே ஊசிதான். 1978ல ஆரம்பிச்ச வடநெம்மேலி இருளர் சங்கம் விஷம் எடுத்துக் குடுக்குதே, அதெல்லாம் இந்த மருந்துக்குத்தான்.

சரி, பாயைச் சுருட்டு. கட்டில்ல ஏறிப் படு, கொசுவலை ஓரத்தை மெத்தைக்கடியில நல்லாச் சொருகு. போனைத் தலைமாட்டுலயே வச்சுக்க. ஒண்ணுக்குப் போக எந்திரிச்சா டார்ச்சுக்காவது ஆகட்டும்.