இடையில் யாருமில்லை

பாளையங்கோட்டைக்குத் தெற்கே, தேரி மண்ணும் பனங்காடுமாகக் கிடக்கும் எங்கள் ஊர்ப் பக்கத்துப் புராட்டஸ்டண்டுக் குடும்பங்களில் பிள்ளைகளுக்குப் பாலோடு சேர்த்துப் புகட்டிய பெருமை ஒன்று உண்டு: நமக்கும் ஆண்டவருக்கும் இடையில் மனுஷர் யாருமில்லை, எதுவானாலும் நேராக அவரிடமே கேட்கலாம். பத்து வயதில் இதைச் சொல்லிக் கத்தோலிக்கக் கூட்டாளி ஒருவனை வம்புக்கிழுத்தேன். "அப்பம் கணக்குப் பரீட்சைல நேரா கேட்டும் ஏம்லே முட்டை வாங்குன?" என்றான் அவன். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அந்த நேரடித் தொடர்பின் லட்சணம் எங்கள் வீட்டு ராத்திரி ஜெபத்தில் தெரியும். அரிக்கேன் விளக்கைச் சுற்றி எல்லாரும் முழங்கால்படியிட்டதும், ஆச்சி சுத்தமான வேதாகமத் தமிழில் தொடங்குவாள். தேவரீர் என்பாள், கிருபாசனம் என்பாள், கேட்கவே கம்பீரமாக இருக்கும். நாலாவது வாக்கியத்தில், "அடுக்குப் பானையில் இருந்த கருப்பட்டி ரெண்டு குறைந்திருப்பதைத் தேவரீர் அறிவீர், எடுத்த கையையும் அறிவீர்" என்று வந்து நிற்பாள். கண்ணை இறுக மூடியிருந்தாலும் எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரியும். தாத்தா சந்தைக்குப் போன இடத்தில் சீட்டாடிவிட்டு வந்ததும், அம்மா குழம்பில் புளியைக் கூட்டியதும் இப்படித்தான் பரலோகம் போய்ச் சுற்றிக்கொண்டு எங்கள் காதுக்கு வரும். ஆச்சிக்கும் ஆண்டவருக்கும் இடையில் யாருமில்லை, வாஸ்தவம்தான். ஆச்சிக்கும் எங்களுக்கும் இடையில்தான் ஆண்டவர் அகப்பட்டுக்கொண்டு முழித்தார்.

சுவிசேஷம் சொல்வதில் என் சாமர்த்தியம் இதைவிட மோசம். சந்தை நாளில் உபதேசியாரோடு கைப்பிரதி கொடுக்கப் போவேன். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழைக் கற்று, காகிதத் தட்டுப்பாட்டால் எழுத்தைச் சிறிதாக வார்த்து, 1715-ல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த கதையை அவர் நடந்துகொண்டே சொல்வார். எனக்கோ, எதிரில் தெரிந்த முகம் எதுவும் வந்துவிடக் கூடாதே என்ற கவலை. ஒருநாள் டீக்கடைக்காரர் ஒரு பிரதியை வாங்கி, "எழுத்து பொடிசா இருக்கு, என்ன போட்டிருக்குன்னு நீயே சொல்லு தம்பி" என்றார். நான் அதை அதுவரை வாசித்திருந்தால்தானே! இன்னொரு நாள் மிச்சமிருந்த கட்டை அப்படியே கடலைக்காரரிடம் தள்ளிவிட்டு, ஒரு பொட்டலம் வறுகடலை வாங்கித் தின்றுகொண்டே வந்து, எல்லாம் கொடுத்தாயிற்று என்று உபதேசியாரிடம் கணக்குச் சொன்னேன். பொய்யென்றும் சொல்ல முடியாது. நான் கையில் திணித்த தாளை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை, ஆனால் கடலை தீர்ந்த பிறகு பொட்டலத்தை விரித்து, உப்பைத் தட்டிவிட்டு, நின்று வாசித்தவர்களை என் கண்ணால் பார்த்தேன்.

வாரம் முழுக்க உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவாள். நம் ஊர்ச் சனங்களே 1903-ல் சங்கம் தொடங்கித் தெலுங்குச் சீமைக்கு மிஷனெரி அனுப்பினார்களாக்கும் என்று தாத்தா அந்தப் பானையைக் காட்டிப் பெருமை பேசுவார். இன்று காணிக்கைக்குக் கோயில் வாசலிலேயே க்யூஆர் அட்டை மாட்டியிருக்கிறது. சில்லறை தேடும் தொல்லையில்லை. பானையைத் திறந்ததும் வரும் அந்தப் பச்சரிசி வாசமும் இல்லை.

இப்போது நானும் ஊழியம் செய்கிறேன், படுக்கையை விட்டு எழாமலே. விடியற்காலையில் சூரியோதயப் படத்தின்மேல் எழுதிய வசனம் ஒன்று வாட்ஸ்அப்பில் வரும். அதை அறுபது பேருக்குத் தள்ளிவிட்டுப் புரண்டு படுப்பேன். வாசித்தேனா என்று கேட்காதீர்கள், டீக்கடைக்காரரிடமே மாட்டிக்கொண்டவன் நான். கடலை மடிக்கவும் ஆகாத பிரதி இது. ஜெபக் குறிப்பும் அதே வழியில்தான் வருகிறது. மெல்பர்னில் மருமகனுக்கு நேர்முகத் தேர்வு என்றால் இங்கே கூப்பிய கைகள் வரிசையாக முளைக்கின்றன. சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்த அன்று, தியேட்டர் வாசலில் உட்கார்ந்து, வந்து விழுந்த ஆமென்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தவனும் நான்தான். நாற்பத்திமூன்று.

ஆச்சிக்கு இன்னொரு ஜெபம் இருந்தது. விடிவதற்கு முன் அடுப்புச் சாம்பலை வாரும்போது, நாங்கள் தூங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு, தேவரீரும் கிருபாசனமும் இல்லாமல், "எய்யா, இந்தக் கால்வலிய நீரு பாக்கப்படாதா? மழையும் இல்லியே, எய்யா" என்று, பக்கத்தில் குந்தியிருக்கும் ஒருவரிடம் போல முணுமுணுப்பாள். அதில் கருப்பட்டி வராது. போர்வைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

போன வாரம் விடியற்காலையில் கரண்ட் போய், போனும் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. இருட்டில் உட்கார்ந்திருந்தவன், யாரும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியத்தில், மெல்ல "எய்யா" என்றேன்.

அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "வாசல்ல யாரு வந்திருக்கா?"