அசல் யாருடையது? கேள்வி–பதில்

கேள்வி (திருச்செங்கோடு): எங்கள் ஊர் டி.ஆர்.சுந்தரம் சேலத்தில் எடுத்த ‘உத்தம புத்திரன்’ பிரெஞ்சுக் கதையின் தழுவல்தானே? அதைப் படைப்பு என்பது தகுமா?

பதில்: தழுவல் என்பதில் ஐயமில்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் 1940-இல் வெளியிட்ட அப்படத்தின் கதை, அரச இரட்டையரில் ஒருவருக்கு இரும்பு முகமூடி மாட்டிய அலெக்சாந்தர் டூமாவிடமிருந்து வந்தது. ஆனால் வழக்குத் தொடுப்பவர் டூமாவையும் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். ஏனெனில் 1703-இல் பாரிஸின் பாஸ்டீல் சிறையில் இறந்த, முகம் மறைக்கப்பட்ட உண்மைக் கைதி ஒருவரை அரசரின் சகோதரராக்கி, முகமூடியை இரும்பாலானதென்று முன்பே எழுதிப் பரப்பியவர் வால்தேர். (சிறைக் குறிப்பில் இருப்பது கறுப்பு வெல்வெட் துணி, இரும்பு எழுத்தாளர்களின் கைங்கரியம்.) ஹாலிவுட்டும் 1939-இல் அதே கதையைப் படமாக்கியிருந்தது. எனவே, கதை புதிதா என்பதைவிட, கைமாறும்போது அதில் என்ன சேர்ந்தது என்று கேட்பதே பயன் தரும். இரு வேடங்களையும் ஏற்ற பி.யு.சின்னப்பா நாடக மேடையில் வளர்ந்து, சொந்தக் குரலில் பாடியவராதலால், பாரிஸ் அரண்மனைச் சதி கம்பெனி நாடக மரபுக்குள் புகுந்து பாட்டும் வாள்வீச்சுமாக மாறியது. டூமாவின் கைதிக்கு அந்தச் சாரீரம் வாய்க்கவில்லை. 1958-இல் சிவாஜி கணேசன் நடிக்க அதே பெயரில் அதே கதை மீண்டும் வந்தபோதும், தியேட்டர் வாசலில் எவரும் டூமாவைத் தேடவில்லை.

கேள்வி (இளம்பிள்ளை): ஜக்கார்டு தறியில் அட்டை சொல்வதைத்தான் நெசவாளர் செய்கிறார். அவரைக் கலைஞர் என்பது மிகையா?

பதில்: ஜக்கார்டு அட்டை என்பது, ஒவ்வோர் ஊடை இழைக்கும் எந்தெந்தப் பாவு இழைகள் எழ வேண்டும் என்பதைத் துளைகளால் சொல்லும் ஆணை. இம்முறையை 19-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் எந்திரத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டதால், கணினியின் முன்னோடியும் தறியைப் பார்த்து எழுதியவரே. எனினும், ஊடையை எவ்வளவு நெருக்கி அடிப்பது, பாவின் விறைப்பு எங்கே தளர்கிறது, அறுந்த இழையை முடிச்சுத் தெரியாமல் எப்படிப் பிணைப்பது என்பன குறித்து அட்டை வாய் திறப்பதில்லை. ஒரே அட்டைக்கட்டில் இரு தறிகளில் இறங்கிய சேலைகளைத் தடவிப் பார்த்தே வேறு வேறு விலை சொல்லும் வியாபாரிக்கு இது நன்றாகத் தெரியும். கூலி பேசும்போது மட்டும் மறந்துபோகும்.

கேள்வி (நாமக்கல்): அப்படியானால் தேர்வில் பார்த்து எழுதுவதும் படைப்புத்தானா?

பதில்: அந்த நகல் எதையும் சேர்ப்பதில்லை, முன்னிருக்கைக்காரரின் பிழைகளைக்கூட ஒற்று மாறாமல் கொண்டுவந்து சேர்க்கிறது. அவருடைய பதிவெண்ணையும் எழுதிவிடாத பட்சத்தில், சொந்த எண் உள்ள அந்த ஒரு கட்டத்தை மட்டும் சுய ஆக்கமென ஒப்புக்கொள்ளலாம்.